எடை முள் நகரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் என் அண்ணி போன் செய்தார். மூன்று மாதமாக ராத்திரிச் சோறு கிடையாது, காலையில் முக்கால் மணி நேரம் நடை, ஆனாலும் 74 கிலோ அப்படியே நிற்கிறது. “என் உடம்பு வாகே இதுதான் போல. விட்டுடறேன்” என்றார். குரல் உடைந்திருந்தது. அடுத்த மாதம் திண்டுக்கல் போனபோது நான்கு நாள் அவர் கூடவே சமையலறையில் நின்று பார்த்தேன். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. சாப்பாடு என்று அவர் நினைக்காத வழிகளில் சாப்பாடு உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலருடைய ஒரு நாள் கணக்கை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாயைக் கட்டத் தெரியாததால் எடை இறங்காதவர்கள் அதில் மிகக் குறைவு. பெரும்பாலும் எங்கோ ஒரு சின்னக் கசிவு, அதுவும் பல வருடப் பழக்கமாகிவிட்டதால் கண்ணுக்கே தெரியாத கசிவு. அதனால் கீழே தலைப்பாக வைத்திருக்கும் வாக்கியங்களில் எது உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். அங்கே சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றும் தெரியாது, பத்து நாளுக்கு மேல் தாங்கவும் முடியாது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த வழிமுறையை இப்போது கையில் எடுக்க வேண்டாம்.

முதலில் எடை மெஷினைப் பாருங்கள்

மெஷின் மிதியடி மேலோ பாய் மேலோ இருந்தால் அளவு மாறும். டைல்ஸ் மாதிரி கெட்டியான, சமமான தரையில் வையுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் எண் குதிக்கும். காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் ஏறி நில்லுங்கள். வாரத்தில் மூன்று நாள் பார்த்து, அந்த மூன்றின் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் போதும்.

ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். ராத்திரி கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால், அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் எண் ஏறியிருக்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் ஒன்றிரண்டு கிலோகூட ஏறித் தெரியலாம். இதெல்லாம் கொழுப்பு இல்லை.

தையல்காரர் டேப் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டவருக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பதுதான் எல்லைக்கோடு. எடை அசையாமல் இருக்கும்போதே இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில்தான் இருக்கிறீர்கள்.

“முதல் வாரம் 2 கிலோ போச்சு, அப்புறம் ஒண்ணும் காணோம்”

இது பிழையே இல்லை. நம் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்கிறது. சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான், தண்ணீரும் அதோடு போய்விடும். முதல் வார 2 கிலோவில் பெரும்பகுதி அது. கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். இந்த இடத்தில் மனம் விட்டுப்போய் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அந்தத் தண்ணீர் இரண்டே நாளில் திரும்ப வரும். “விட்டதும் டபுளா ஏறிடுச்சு” என்று பலர் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

“நான் சாப்பிடறதே கொஞ்சம்தான்”

அண்ணியின் வாக்கியம் இது. நான் அதிகம் கேட்பதும் இதுதான். இந்த இடத்தில் நிதானமாக நாலு விஷயத்தைப் பாருங்கள்.

முதலில் காபி. அண்ணி வீட்டில் ஆரஞ்சு பாக்கெட் பால். ஆவின் ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். அவருடைய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதை மருந்து அளக்கும் மூடியால் அளந்து பார்த்தோம். டிகாஷன் போக 100 மில்லி பால் பிடிக்கிறது. அந்தப் பால் 85 முதல் 90 கலோரி. சர்க்கரை இரண்டு ஸ்பூன், 10 கிராம், அது 40 கலோரி. ஒரு டம்ளர் காபி ஏறக்குறைய 130. காலை எழுந்ததும் ஒன்று, பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அவர் கூட ஒன்று. மொத்தம் 520 கலோரி. ராத்திரிச் சோற்றை விட்டதில் மிச்சப்படுத்தியது எவ்வளவோ அதை விட இது அதிகம்.

நான் காபியை விடச் சொல்லவில்லை, காபி இல்லாத வீட்டில் எனக்கே விடியாது. நீல பாக்கெட்டுக்கு மாறி, சர்க்கரையை ஒரு ஸ்பூன் ஆக்கி, நாலை இரண்டாக்கினார். 520 இருந்த இடத்தில் 160க்குள் வந்துவிட்டது. முதல் வாரம் வாய்க்கு ருசிக்கவில்லை என்று முகம் சுளித்தார், மூன்றாவது வாரம் பழைய காபி தித்திப்பாகத் தெரிகிறது என்றார். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுவதில் எடைக்கு லாபம் எதுவும் இல்லை. ருசிக்காக மாறினால் சரி. கலோரி ஏறக்குறைய அதே கணக்குதான். தேன் சர்க்கரையை விடக் கனம் என்பதால் ஸ்பூன் கணக்கில் பார்த்தால் கொஞ்சம் கூடவே வரும். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு ஸ்பூன் தேனும் கலந்து “கொழுப்பு கரையட்டும்” என்று குடிப்பவர்கள் வெந்நீரை மட்டும் குடிக்கலாம்.

அடுத்தது எண்ணெய். யாரும் எண்ணெயைச் சாப்பாடாக நினைப்பதில்லை. ஒரு கிராம் சோற்று மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெயில் 9. செக்கு எண்ணெய், ரீஃபைண்ட், நெய், தேங்காய் எண்ணெய், எதுவானாலும் இந்த 9 மாறாது. இதைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. புது எண்ணெய் பாக்கெட்டை வெட்டும் அன்று தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு போடுங்கள். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் இருக்கும், பாக்கெட்டின் மேலேயே போட்டிருப்பார்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் ஓடினால் தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம், 340 கலோரி. அதே வீடு 3 லிட்டரில் நின்றால் 23 கிராம், 205 கலோரி. சமையல் வகை மாறவில்லை, யாரும் பட்டினி இல்லை, ஆளுக்குத் தினம் 135 கலோரி குறைந்துவிட்டது.

பாட்டில் வாயிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. தாளிக்க ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். தோசைக்கல்லில் பழைய முறைப்படி பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். அண்ணியின் மாமியார், அதாவது என் அம்மா, அந்தக் காலத்தில் அப்படித்தான் சுட்டார். சுற்றிலும் இரண்டு ஸ்பூன் விடும் வழக்கம் வீட்டில் வசதி வந்த பிறகு வந்தது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் குழைக்கும்போதும் கவனம் வேண்டும், இரண்டு ஸ்பூன் என்றால் 90 கலோரி. இரண்டு இட்லி சாப்பிடும் ஒருவருக்கு அது இன்னொரு இட்லிக்கும் மேல்.

மூன்றாவது, எழுதவே மனசு கனக்கிற விஷயம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது. அண்ணி காலையில் “நான் இன்னும் சாப்பிடல” என்றார். ஆனால் அதற்குள் சின்னவன் வைத்த அரை தோசை, பெரியவள் டிபன் பாக்ஸில் அடைத்தது போக மிஞ்சிய எலுமிச்சை சாதம் இரண்டு வாய், உப்பு பார்க்க ஒரு கரண்டி கூட்டு எல்லாம் உள்ளே போயிருந்தன. நின்றபடியே, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அவருக்கு அது சாப்பிட்ட கணக்கிலேயே வரவில்லை. சோறு வீணாகக் கூடாது என்று வளர்ந்த பெண்கள் நாம், குப்பையில் போடச் சொன்னால் கை வராது. அதனால் நான் சொன்னது இதுதான்: பிள்ளைகளுக்கு முதலில் பாதியே வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். மிச்சம் வந்தால் உங்கள் தட்டில் போட்டு, உட்கார்ந்து, அதையே உங்கள் டிபனின் முதல் பங்காகச் சாப்பிடுங்கள். மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தனியாக டிபனும் சாப்பிடுவதுதான் சிக்கல்.

நான்காவது, உடம்புக்கு நல்லது என்று கூடுதலாகச் சேர்ப்பவை. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், 170 கலோரி. நல்ல உணவுதான். முறுக்குக்குப் பதிலாகச் சாப்பிட்டால் லாபம், முறுக்குக்கு மேலே சாப்பிட்டால் கூடுதல். சத்து மாவுக் கஞ்சி, பேரீச்சம்பழம், பழ ஜூஸ் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எதற்குப் பதிலாக?

“சோறை விட்டு சப்பாத்திக்கு மாறிட்டேன்”

சிறுதானியத்துக்கு மாறியவர்களுக்கும் இதுதான் பதில். சமைக்காத தானியம் 100 கிராம் எடுத்தால் அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாமே 320 முதல் 360 கலோரிக்குள்தான். சோறு தண்ணீரைக் குடித்து உப்புவதால் 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான் வரும். சப்பாத்தி அப்படி உப்பாது.

30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் என்றால் 140ஐத் தாண்டும். மூன்று சப்பாத்தி 430. கூடவே தேங்காயும் முந்திரியும் அரைத்த குருமா. இதற்குப் பதிலாக 200 கிராம் சோறு, ரசம், ஒரு பெரிய கிண்ணம் பீன்ஸ் பொரியல் என்று சாப்பிட்டிருந்தால் குறைவாகவே போயிருக்கும். சிறுதானியத்தில் நார்ச்சத்து உண்டு, வயிறு நிற்கும், சாப்பிடுங்கள். ஆனால் “கம்புதானே” என்று இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் எடை இறங்காது. ராகி மாவில் செய்த முறுக்கும் முறுக்குதான்.

மாற்ற வேண்டியது தட்டின் பங்கீடு. முதலில் பொரியலையும் கூட்டையும் தட்டில் பாதிக்கு வையுங்கள், பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியாகச் சோறு. நம் வழக்கம் நேர் எதிர். சோற்றை மலையாகக் குவித்துவிட்டுப் பொரியலை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் தொட்டுக்கொள்கிறோம். உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இந்தக் காய்க் கணக்கில் வராது.

“தினமும் நடக்கிறேனே!”

நடங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் அதைப் போல மருந்து கிடையாது, எடை இறங்கவில்லை என்பதற்காக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 3 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. நடை முடிந்ததும் பூங்கா வாசல் டீக்கடையில் நாலு பேர் கூடி ஒரு டீயும் ஒரு உளுந்து வடையும் சாப்பிட்டால் செலவானதை விட வரவு கூடிவிடும். நண்பர்களை விட வேண்டாம், வடையை மட்டும் விடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். காலையில் நடந்துவிட்டோம் என்ற நிம்மதியில் மற்ற நேரம் முழுக்க உட்கார்ந்துவிடுவோம். மாடிக்கு லிஃப்ட், தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர், தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளையைக் கூப்பிடுவது. போன் பேசும்போதெல்லாம் எழுந்து நடங்கள். கொடியில் துணி போடும் வேலையை நீங்களே செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும், அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியை நம்மில் பலர் கண்டுகொள்வதே இல்லை. நாற்காலியில் கை வைக்காமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இதிலிருந்து தொடங்கலாம். முட்டி வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

“திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்கு, ஆனாலும் இறங்கல”

ஐந்து நாள் தினம் 300 கலோரி மிச்சம் பிடித்தால் 1,500. சனிக்கிழமை ராத்திரி பரோட்டா சால்னா, ஞாயிறு மதியம் பிரியாணி, சாயங்காலம் மழை வந்ததால் பஜ்ஜி. இரண்டு நாளிலும் 750 கூடுதலாகப் போனால் போதும், வாரம் முழுக்கப் பட்ட பாடு பூஜ்யம். ஞாயிறு பிரியாணியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், வீடே ஒன்றாக உட்காரும் நேரம் அது. ஒரு விசேஷச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு மற்ற இரு வேளையை லேசாக்குங்கள்.

விரதம் இருப்பவர்களும் இதில் வருவார்கள். சனிக்கிழமை ஒருபொழுது இருந்துவிட்டு, பசியின் வேகத்தில் ராத்திரி ஆறு தோசையும் சர்க்கரைப் பொங்கலும் போனால் எடைக்குப் பலன் கிடையாது. விரதம் சாமிக்காக இருக்கட்டும், அதில் எடைக் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

“நாலு மணியானா பசி தாங்கல” அல்லது “ராத்திரி பத்து மணிக்குக் கை டப்பாவுக்குப் போகுது”

நாலு மணிப் பசியின் காரணம் பெரும்பாலும் காலையிலும் மதியத்திலும் இருக்கிறது. இட்லியும் சட்னியும், பிறகு குழம்புச் சோறும் அப்பளமும் என்று போனால் புரதம் மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். காலையில் முட்டையோ பாசிப்பயறோ, மதியம் கெட்டிப் பருப்போ மீனோ, நாலு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று வைத்தால், பிஸ்கட் டப்பா தானாகவே மறந்துபோகும்.

ராத்திரிப் பசிக்கு முதலில் தூக்கத்தைக் கேளுங்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். செல்போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிடுபவர்கள், ஒரு வாரம் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எத்தனையாவது தோசையில் வயிறு நிறைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

“நல்லா இறங்கிட்டிருந்தது, இப்போ நின்னுபோச்சு”

78 கிலோவிலிருந்து 70க்கு வந்த உடம்பு பழைய உடம்பு இல்லை. சும்மா படுத்திருந்தாலே நாளைக்கு ஏறக்குறைய 80 கலோரி குறைவாகத்தான் அதற்குத் தேவைப்படும். நடக்கும்போதும் சுமை குறைந்திருப்பதால் செலவு குறையும். அதனால் ஆறு மாதம் முன்பு போதுமானதாக இருந்த மாற்றம் இப்போது போதாது. அதே நேரம் அளவுகளும் மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். ஸ்பூன் போய்ப் பாட்டில் வந்திருக்கும், இரண்டு காபி மூன்றாகியிருக்கும். மூன்று நாள் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள், உப்பு பார்த்த கரண்டி உட்பட. சாப்பாட்டை மேலும் வெட்டும் முன் தசைப் பயிற்சியைக் கூட்டுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அசையவில்லை

மேலே சொன்னதெல்லாம் பார்த்து, இரண்டு மாதம் நேர்மையாக எழுதிப் பார்த்தும் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாத களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல் இருந்தால் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, தாடையில் முடி வளர்ந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், வலிப்புக்கும் மனநலத்துக்குமான சில மருந்துகள் எடையைக் கூட்டும். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சில நாட்களிலேயே எடை மளமளவென்று ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அண்ணிக்கு 69 வரை இறங்கியது, அங்கே நின்றது. கூடவே மதியம் எழுந்திருக்க முடியாத அசதி. பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. தைராய்டால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய நீர்தான் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாத்திரை எடை குறைக்க இல்லை, அசதிக்கும் உடம்புக்கும்தான். தினமும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான், கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி. அண்ணி இப்போது அஞ்சரைக்கு மாத்திரை போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார், நீல பாக்கெட்டை வெட்டுவது ஆறரைக்கு.